குறுக்குக் கம்பியில் நின்றது

நட்சத்திரம் நகராமல் இருந்தது. இந்நேரம் அது நகர்ந்திருக்க வேண்டும்.

டாக்னி ஆட்டுத்தோல் கோட்டுக்குள் ஒடுங்கி, இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணைச் சின்னத் தொலைநோக்கியின் கண்வில்லையில் பதித்திருந்தாள். உள்ளே கருப்பு வட்டம், அதில் சிவப்பாக மங்கி எரியும் இரண்டு மெல்லிய குறுக்குக் கம்பிகள், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நட்சத்திரம். அதற்கு அடியிலிருந்த பெரிய தொலைநோக்கியின் பின்பக்கத்தில் கேமரா மாட்டியிருந்தது. ஷட்டர் திறந்தாயிற்று. ஓரியனின் இடுப்புக்குக் கீழே குதிரைத்தலை நெபுலாவின் வெளிச்சம், எத்தனையோ நூறு வருடம் பயணம் செய்து களைத்த வெளிச்சம், இப்போது துளித்துளியாக ஃபிலிமில் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது படமாகத் தேறுவதற்கு ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரமும் வானத்தின் கூடவே தொலைநோக்கியும் திரும்ப வேண்டும். அதற்காக அடியில் ஒரு சின்ன மோட்டார், கார் பேட்டரியின் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டாரின் பல்சக்கரத்தை அவள் கணவன் ரூனார்தான் கடைந்தான். எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்கிறவன், அதை மட்டும் அவசரமாகக் கடைந்துவிட்டான். ஒரு பல் சரியில்லை. அதனால் எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நட்சத்திரம் குடித்தவன் மாதிரி இடது பக்கம் சாயும், பிறகு தானாகத் திரும்பும். சாயும்போது கையிலிருக்கும் பெட்டியில் இடது பொத்தானைத் தட்ட வேண்டும், திரும்பும்போது வலது பொத்தானை. இதுதான் வேலை. மூக்கு ஒழுகினாலும் கால் மரத்தாலும் கண்ணை எடுக்கக்கூடாது. எடுத்தால் படத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் கோடு கோடாக இழுபட்டுவிடும். இத்தனை குளிர்காலத்தில் அந்தச் சாய்வு அவள் கட்டைவிரலுக்கே பழகிப்போயிருந்தது, கண் சொல்வதற்கு முன்னால் விரல் தட்டிவிடும்.

இன்று சாயவில்லை. அவள் விரல் பொத்தான் மேல் சும்மா கிடந்தது.

முதலில் சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். குளிரில் எண்ணெய் இறுகி, பல் ஒருவேளை ஒழுங்காக உட்கார்ந்திருக்கலாம். உறைந்த கடல் தூரத்தில் முனகியது. நீளமாக, அடியிலிருந்து, கரையிலிருந்து கரைக்கு ஓடும் அந்த முனகலைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள், அதில் பயப்பட ஒன்றுமில்லை. கூரையைத் தள்ளித் திறந்த மரக்கொட்டகைக்குள் தாரும் பழைய மரமும் மணத்தன, பிளாஸ்கின் மூடியிலிருந்து காப்பி மணம் லேசாக வந்தது. எல்லாம் வழக்கம்போல இருந்தது. கூடுதலாக ஒன்று, அவளுக்குப் பின்னால் வீடு இருட்டாக இருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக.

அந்த இருட்டை ஏற்பாடு செய்தவள் அவள்தான்.

டிசம்பர் நடுவில் வரும் லூசியாப் பண்டிகைக்கு முந்தின வாரம், ஒரு நல்ல தெளிந்த இரவில், ரூனார் இதே முக்காலியிலிருந்து படத்தின் பாதியில் எழுந்துவிட்டான். அப்படி எழுகிறவன் இல்லை அவன். நேராக வீட்டுக்குள் போய் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டான். அன்று போட்டதுதான், பிறகு ஒன்றைக்கூட அணைக்க விடவில்லை. ஒரு காலத்தில் எதிர்த்தீவுக்காரனின் முற்றத்து விளக்கை அணைக்கச் சொல்லிப் படகு வலித்துக்கொண்டு போய்க் கெஞ்சியவன், இப்போது கடையிலிருக்கும் பல்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்கை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்தான். வலது கண் எப்போதும் சிவந்து நீர் வடிந்தது, அந்தக் கண்ணை அவன் இமைப்பதே அபூர்வமாகிவிட்டது. என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. அவள் கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், ஒரு நாள் தட்டை எறிந்தும் பார்த்தாள்.

நாளை காலை அவனை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவன் அண்ணன் ஹெல்கே, கப்பல்களுக்கு வழிகாட்டும் படகு ஓட்டுகிறவன், உறைந்த கடல்மேலேயே காரை ஓட்டிக்கொண்டு சாயங்காலமே தீவுக்கு வந்துவிட்டான். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், அவர்களுக்குள் மரியாதைப் பேச்சு ஏதும் கிடையாது. வாசல் நடையில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே ஹெல்கே கேட்டான்.

"பல்பு வியாபாரி எப்படி இருக்கான்?"

"உன் தம்பிய இப்படிக் கேக்க உனக்கு எப்படித்தான் வாய் வருது."

"தம்பிங்கிறதாலதான் கேக்கறேன். கடைக்காரி என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? உங்க வீட்டுல கோழிப்பண்ணை வைக்கறீங்களான்னு கேட்டா." உதட்டுக்கடியில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டான். "கடல் நல்லா உறைஞ்சிருக்கு. காலைல காபி குடிச்சதும் கிளம்பிடலாம்."

"அங்க ராத்திரி விளக்க அணைச்சிடுவாங்களா?"

"பின்ன? ஆஸ்பத்திரிதானே, விடிய விடிய எரிய விட்டா மத்தவங்க எப்படித் தூங்குவாங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே சமையலறையில் ரூனார் மூன்று விளக்குக்குக் கீழே பட்டாணி சூப்பைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. குடிக்கவில்லை, கலக்கிக்கொண்டே இருந்தான்.

"அப்படின்னா இங்கயே அணைச்சுப் பாத்துடலாம்," என்றாள். "சாப்பாடு முடிஞ்சதும் நான் படம் எடுக்கப் போறேன். நான் போனதும் மெயின் ஃபியூஸைக் கழட்டிடு. ஒரு மணி நேரம். நீ அவன் பக்கத்துலயே உக்காந்துக்க. இருட்டுல ஒண்ணும் இல்லன்னு அவனே பாக்கட்டும். பாத்துட்டா நாளைக்குப் போக வேண்டிய வேலையே இல்ல."

"உனக்கும் வீட்டு வெளிச்சம் விழாம ஒரு படம் தேறும்."

அவள் முகம் சூடேறியது. அது உண்மைதான். இரண்டு மாதமாக அவன் விளக்குகள் பனியிலெல்லாம் கொட்டிக் கிடந்து தென்திசை வானத்தையே வெளுத்து வைத்திருந்தன. ஆனாலும் அவள் விரும்பியது அவனைத்தான். அவனைக் கொண்டுபோய்விடுவார்கள், அங்கேயே வைத்துக்கொள்வார்கள் என்றுதான் பயந்தாள். நல்லதாக ஒரே ஒரு படம், அதை ஈரத்தோடு அவன் முன்னால் நீட்டினால் பழைய ரூனார் எழுந்து வந்துவிடுவான் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். வீடு சொன்னபடி அணைந்தது. உள்ளேயிருந்து ரூனாரின் குரல் ஒரு தடவை உயர்ந்தது போலிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை எடுக்காமல் இருந்தாள். பிறகு சத்தம் அடங்கிவிட்டது.

நட்சத்திரம் இன்னும் நகரவில்லை.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இடது பொத்தானை மெதுவாகத் தட்டினாள். மோட்டாரின் முணுமுணுப்பு மாறியது, அதாவது தொலைநோக்கி நகர்ந்தது. நட்சத்திரம் கம்பியை விட்டு வலது பக்கம் தள்ளிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள். படம் கெட்டுவிடும் என்று தெரிந்தே பிடித்தாள். மோட்டார் மாற்றுக்குரலில் ஓடிக்கொண்டே இருந்தது. வட்டத்தின் ஓரத்தில் வேறு மங்கலான நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து கடந்து போயின.

நடுவிலிருந்தது மட்டும் அப்படியே நின்றது.

கண்ணாடியில் தூசி என்று நினைத்தாள். இல்லையென்றால் கம்பிகளுக்கு வெளிச்சம் தரும் சின்னச் சிவப்பு விளக்கின் பிம்பம். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, தடவிப் பார்த்து அந்த விளக்கின் திருகை அணைத்தாள். கம்பிகள் மறைந்தன. நட்சத்திரம் மறையவில்லை. தோளைக் கொடுத்துத் தொலைநோக்கியையே தள்ளினாள். வானம் முழுக்கப் பனி பெய்வது போல வட்டத்துக்குள் ஓடி மறைந்தது. ஓரியன் போயிற்று, அதற்குப் பின்னாலிருந்த வெற்றிடம் போயிற்று, கொட்டகைச் சுவரின் கன்னங்கரிய விளிம்பு ஏறி வந்து எல்லாவற்றையும் மூடியது.

சுவருக்கு முன்னால் அந்த நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.

வேறு ஏதாவது நல்ல காரணம் இருக்க வேண்டும் என்று மனம் அலைந்தது, அலைந்த இடத்தில் ரூனாரின் கடைசி ஃபிலிம் சுருள் வந்து நின்றது. அவன் எழுந்து ஓடிய இரவின் சுருள் அது. அவள்தான் அதைக் கழுவிக் குளியலறைக் கொடியில் தொங்கவிட்டாள். நட்சத்திரங்கள் அத்தனையும் கோடுகளாக இழுபட்டிருந்தன, பல்சக்கரத்தின் சாய்வைக் கொஞ்சம்கூடத் திருத்தாதது போல. ஒரே ஒரு புள்ளி மட்டும் நட்ட நடுவில் ஊசியால் குத்தியது போல உருண்டையாக இருந்தது.

"தொலைநோக்கியில கண்ண வெச்சுட்டே தூங்கிட்டியா?" என்று அப்போது கேலி செய்தாள். அந்தப் புள்ளியைத் தூசி என்று நினைத்து நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தாள். ரூனார் சிரிக்கவில்லை. கொடியிலிருந்து ஃபிலிமை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டான்.

அவன் தூங்கவில்லை. எழுந்து ஓடும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அது சாயாததால் அவன் விரலுக்கு வேலை இல்லை. அவ்வளவுதான்.

இப்போது அது கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

அவள் அதை நம்ப மறுத்தாள். எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும் நட்சத்திரம் புள்ளிதான், அதற்கு அகலமோ உயரமோ கிடையாது. இதற்கு உயரம் இருந்தது. வெள்ளையாக, நகக்கண் அளவு, மேலும் கீழுமாகக் கொஞ்சம் நீண்டு. ஹெல்கே ஒரு கோடையில் ராத்திரிப் படகில் சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. எதிர்ல ஒரு விளக்கு தெரிஞ்சா அது இடம் மாறுதான்னு பாரு. மாறுச்சுன்னா பயமில்ல, அது தன் வழில போகுது. மாறாம அதே இடத்துல நின்னு பெருசாச்சுன்னா உன் மேலதான் வருது, திருப்பிடு. சொல்லிவிட்டு அவள் சட்டென்று சுக்கானைத் திருப்பியதைப் பார்த்துச் சிரித்தான்.

இதற்குச் சுக்கான் ஏது.

கண்ணை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஷட்டர் திறந்திருக்கும்போது கண்ணை எடுத்தாள்.

கொட்டகை இருட்டு. தலைக்கு மேல் வானம். எதிரே சுவர். சுவரின் முன்னால் அது இருந்தது. தலையைத் திருப்பினாள், கூடவே திரும்பியது. பனிமேல், கடல்மேல், கூரை விளிம்பின்மேல், எங்கே பார்த்தாலும் பார்வையின் நடு மையத்தில் நின்றது. வலது கண்ணை மூடினாள். மூடியது பெரிய தவறு. இமைக்குள்ளிருந்த இருட்டில் அது இன்னும் தெளிவாக இருந்தது, இன்னும் பக்கத்தில் இருந்தது.

டார்ச் கோட்டுப் பையில் இருந்தது. எடுத்துப் பொத்தானைத் தள்ளி முகத்தில் அடித்தாள். வெளிச்சம் ஊசியாகக் கண்ணில் இறங்கியது. அது இல்லை. வெளிச்சத்தில் அது இல்லை. அவள் அழுதுவிட்டாள். இரண்டு மாதமாக அவன் ஏன் இமைக்கவில்லை, ஏன் விளக்கை முகத்துக்கு நேராக வைத்துப் படுத்தான் என்பது எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் சொல்லாமல் இருந்திருக்கிறான். சொல்லியிருந்தால் அவளும் பார்க்க வேண்டும் என்றுதான் நின்றிருப்பாள்.

பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

வீடு இருட்டாக இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேலாக அது இருட்டாக இருந்தது. அவள்தான் இருட்டாக்கச் சொன்னாள்.

ஓடினாள். கொட்டகையிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை ஜூனிப்பர் முட்புதர்களுக்கு நடுவே வளைந்து போகும், பகலில் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் போய்விடலாம். பனி காலடியில் கிறீச்சிட்டது. டார்ச்சைத் தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு ஓடியதால் எதிரே ஒன்றும் தெரியவில்லை, புதர் கன்னத்தைக் கீறியது, ஒரு தடவை முழங்காலில் விழுந்தாள். குளிரில் டார்ச்சின் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், அது எல்லோருக்கும் தெரிந்தது. வெளிச்சம் மஞ்சளானது. பழுப்பானது. அதை ஆட்டினாள், ஒரு நொடி பளிச்சிட்டது, பிறகு நூலிழை போல ஒரு சிவப்பு.

அணைந்தது.

அது இருந்தது. இப்போது கை அளவு.

அதைப் பார்க்காமல் நடக்க வழியில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதைத்தான் பார்க்க வேண்டும். வாசல் படியைக் காலால் தேடி ஏறினாள். கதவைத் திறந்தாள். உள்ளே சூப்பும் ஈரக் கம்பளியும் மணத்தன. மின்சாரம் இருக்கும்போது எப்போதும் கேட்கும் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் இல்லை. கடிகாரம் மட்டும் ஓடியது.

"ஹெல்கே."

"இங்கதான் இருக்கேன்." சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? ஒரு மணி நேரம்னியே."

"ரூனார் எங்க?"

"எதிர்லதான் உக்காந்திருக்கான். மொதல்ல கத்தினான். அப்புறம் மேசைக்கடில போய்ப் பதுங்கிட்டான், காலைப் புடிச்சு இழுக்க வேண்டியதாப் போச்சு, வெக்கக்கேடு." ஹெல்கேயின் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "அப்புறம் பாரு, திடீர்னு அடங்கிட்டான். தானா எழுந்து வந்து நாற்காலில உக்காந்துட்டான். கொஞ்ச நேரமா ஒரு சத்தமும் இல்ல. உன் யோசனை வேலை செஞ்சிடுச்சு."

"ஃபியூஸைக் குடு."

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டா நல்லா..."

"ஹெல்கே, ஃபியூஸைக் குடு."

அவள் குரலில் என்ன கேட்டானோ, நாற்காலி நகர்ந்தது, பெரிய கனத்த கை இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்தது. அதில் திருகி மாட்டும் பீங்கான் ஃபியூஸ் இருந்தது, அவன் உள்ளங்கையின் சூடு ஏறிக் கதகதப்பாக.

அப்போது ரூனார் பேசினான். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அமைதியாக, பழைய ரூனாரின் குரலில், வேலை முடிந்து வந்தவன் போல.

"டாக்னி, உன்னோடது எவ்வளவு பெருசு?"

அவள் ஃபியூஸை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"என்ன பெருசு?" என்றான் ஹெல்கே. "எத கேக்கறான்?"

"எனக்கு வந்தாச்சு," என்றான் ரூனார்.

ஃபியூஸ் பலகை வாசல் நடையில் இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு போனாள். தடவும் கைக்கு முன்னால், சுவருக்கு முன்னால், அது. இப்போது ஆள் அளவு. வெள்ளையாக இருந்ததெல்லாம் வெளிச்சம் இல்லை என்று இப்போது தெரிந்தது. தோள்கள் தெரிந்தன. முதுகு வளைந்திருந்தது. அது நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தது.

உட்கார்ந்து குனிந்திருந்தது. தலையை முன்னால் நீட்டி, எதிலோ முகத்தைப் பதித்து.

பீங்கான் விரலில் நழுவியது. விழவில்லை. குழியைக் கண்டுபிடித்தாள். பொருத்தினாள். திருகு ஏறவில்லை. எடுத்தாள். மறுபடி பொருத்தினாள். அது தலையை உயர்த்தவில்லை. அந்த உட்காரும் விதம் அவளுக்குத் தெரியும். ஒரு கையை மடியில் வைத்து. கட்டைவிரல் மட்டும் அசைய. எத்தனை குளிர்காலம் அப்படியே அவளும் உட்கார்ந்திருக்கிறாள். திருகினாள்.

வீடு முழுக்க விளக்கு எரிந்தது.

எல்லா அறையிலும், மாடியில், குளியலறையில், அலமாரிக்குள்கூட. அது போய்விட்டது. சுவர் வெறும் சுவராக இருந்தது, அதில் கோட்டு மாட்டும் ஆணியும் போன வருட நாட்காட்டியும். அவள் சுவரில் நெற்றியை வைத்து மூச்சு வாங்கினாள். வலது கண்ணை அகல விரித்து, இமைக்காமல், விளக்கை நேராகப் பார்த்துக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தாள்.

ஹெல்கே கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தான்.

"பாத்தியா? ஆஸ்பத்திரியும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் தம்பி சரியாயிட்டான்."

ரூனார் மேசைக்குப் பின்னால் நேராக உட்கார்ந்திருந்தான். முகம் தெளிவாக இருந்தது. இரண்டு மாதத்துச் சிவப்பு கண்ணில் இல்லை, நீர் வடியவில்லை. இடது கண்ணை இறுக மூடியிருந்தான். வலது கண் திறந்திருந்தது. தலைக்கு நேர் மேலே மூன்று பல்பு எரிந்தும் அந்தக் கண்ணின் கருமணி சுருங்கவில்லை. நீலமே தெரியாத அளவுக்கு விரிந்திருந்தது, தொலைநோக்கியின் வாய் போல, உள்ளே அடியில்லாத கறுப்பாக.

அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஒரு எட்டு இடது பக்கம் வைத்தாள். கருமணி அவளோடு நகர்ந்தது. கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது. பிறகு சின்னச் சின்னத் தட்டலாக, ஒன்று, இன்னொன்று, பின்னுக்கு வந்து அவள் மேல் நின்றது. மனிதர்களின் கண் அப்படி நகராது. வலது பக்கம் வைத்தாள். அதே மாதிரி தாண்டி, தட்டித் தட்டித் திரும்பி, நின்றது. கோட்டுப் பைக்குள் அவளுடைய கட்டைவிரல் அதே தாளத்தில் தானாக அசைவதை உணர்ந்து அவள் கையை வெளியே இழுத்தாள். ரூனாரின் கைகள் இரண்டும் மேசைமேல் மல்லாந்து கிடந்தன. அவற்றில் ஒன்றும் அசையவில்லை. வேறு எங்கேயோ, அந்தக் கறுப்புக்குள் வெகுதூரத்தில், இன்னொரு விரல் தட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகையின் மரத்தளம் ஆடும். ஒருவர் படம் பிடிக்கும்போது மற்றவர் நடந்தால் தொலைநோக்கியும் ஆடிவிடும். அதனால் கண்வில்லையில் இருப்பவர் திரும்பிப் பார்க்காமலே மற்றவரிடம் ஒன்று சொல்வது வழக்கம். கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிவந்த வார்த்தை அது, வேறு யாருக்கும் தெரியாது.

ரூனாரின் உதடுகள் அசைந்தன.

"அசையாத, டாக்னி. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"என்ன சொல்றான்?" என்றான் ஹெல்கே. "நீ ஏன் இப்படி மரம் மாதிரி நிக்கிற?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள். விரித்து வைத்திருந்த கண் எரிந்து நீர் கோத்தது. இமைக்காமல் இருக்கப் பார்த்தாள். உடம்பு அவளை அறியாமல் லேசாக ஆடியது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் கருமணி ஒரு மயிரிழை இடது பக்கம் நகர்ந்து, திரும்பி, மறுபடி அவள் மேல் வந்து நின்றது.